வைக்கோலைத் துளைக்கும் பூசணம்

பசு தின்ற வைக்கோலைச் செரிக்க வைப்பவை அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே. அவற்றுள் பூசணமும் உண்டு என்பதை வெகுநாள் யாரும் அறியவில்லை. அங்கே காற்று கிடையாது; பூசணம் வாழப் பிராணவாயு வேண்டும் என்பதே அந்நாளைய பாடம். 1975-ல் இங்கிலாந்தில் காலின் ஆர்ப்பின் என்ற விஞ்ஞானி, செம்மறியாட்டின் வயிற்றில் வாலசைத்து நீந்தும் சில உயிர்கள் பூசண வித்துக்களே என்று காட்டினார். அதுவரை அவற்றை ஓரணு விலங்குகள் என்றே எண்ணியிருந்தனர். மாடு, எருமை, வெள்ளாட்டிலும் இவ்வகைப் பூசணம் உண்டு.

வித்து நீந்திச் சென்று வைக்கோல் துண்டில் ஒட்டி முளைக்கும். நூல் போன்ற வேர் தண்டுக்குள் இறங்கும். முற்றிய தண்டும் நைந்து பிளக்கும். பிளந்த இடத்தில் பாக்டீரியாக்கள் புகுந்து மிச்ச வேலையைப் பார்க்கும்.

நார்த்தீவனம் தின்னும் மாட்டில்தான் இப்பூசணம் செழிக்கும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையோ, அரிசி மாவையோ ஒரேயடியாக வைத்தால் வயிற்றில் புளிப்பு மிகுந்து, நாரைச் செரிக்கும் உயிர்கள் குன்றிவிடும். மாடு அசைபோடாது, உயிருக்கே ஆபத்து வரலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். அடர்தீவனத்தைக் கூட்டுவதானால் பத்துப் பதினைந்து நாட்களில் சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும்.

நனைந்த வைக்கோற்போரில் பூக்கும் பூசணம் வேறு. அது மாட்டுக்கு நஞ்சாகலாம். அந்த வைக்கோலைத் தொட்டியில் போடக்கூடாது.