மாற்றி வைத்த இருதயம்: பிரித்தானிய டீசல் இயந்திரம் ஒன்றின் வரலாறு

நீராவிப் புகையிரதத்தின் தாயகம் பிரித்தானியா. 1825 ஆம் ஆண்டில் ஸ்ரொக்ரனுக்கும் டார்லிங்ரனுக்கும் இடையே பொதுமக்களுக்கான பாதையில் நீராவி இயந்திரத்தை முதன்முதல் ஓடவிட்ட பெருமை அந்நாட்டுக்கே உரியது. அதனாற்போலும், நீராவியைக் கைவிடுவதற்கு அது பெரிதும் தயங்கிற்று. அமெரிக்காவில் டீசல் இயந்திரங்கள் பெருகிவிட்ட பின்னரும் பிரித்தானியா புதிய நீராவி இயந்திரங்களைச் செய்துகொண்டே இருந்தது. பிரித்தானியப் புகையிரதப் பகுதிக்கெனச் செய்தவற்றுள் இறுதியானது தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது 1960 ஆம் ஆண்டிலேயாகும்.

ஆயினும் காலம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. நல்ல நிலக்கரி கிடைப்பது அரிதாயிற்று. கரி அள்ளிப்போடும் கடுந்தொழிலுக்கு இளைஞர் முன்வரவில்லை. எனவே, 1955 ஆம் ஆண்டில் பிரித்தானியப் போக்குவரத்து ஆணைக்குழு நவீனமயமாக்கல் திட்டமொன்றை வெளியிட்டது. அதன் மதிப்பீடு 120 கோடிப் பவுணுக்கும் மேல். நீராவியின் இடத்தில் டீசலையும் மின்சாரத்தையும் அமர்த்துவதே அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று.

புதிய பொருளை வாங்குவோர் முதலிற் சிறிதளவு வாங்கிப் பயன்படுத்திப் பார்ப்பர். ஆணைக்குழுவும் அவ்வாறே எண்ணியது. பல கம்பனிகளிடமிருந்து மொத்தம் 174 டீசல் இயந்திரங்களை வாங்குவது. அவற்றை மூன்று ஆண்டுகள் ஓட்டிப் பார்ப்பது. குணம் எது, குற்றம் எது என்று அறிந்த பின்னரே பெருந்தொகையாகச் செய்விப்பது. இதுவே முதலில் வகுத்த வழி. வழி நல்லதே. அதிற் கடைசிவரை நடந்தார்களா என்பதுதான் கேள்வி.

அந்த 174 இயந்திரங்களில் 20 ஐச் செய்யும் பொறுப்பு லஃப்பரோ நகரிலிருந்த பிரஷ் கம்பனிக்குக் கிடைத்தது. இங்கே இலங்கை நேயர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1950 களின் முற்பகுதியில், பாக்னல் கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து, இலங்கைப் புகையிரதப் பகுதிக்கென 25 டீசல் இயந்திரங்களைச் செய்தளித்தது இதே பிரஷ் கம்பனியாகும். எம் 1 என்னும் வகுப்பைச் சேர்ந்த அவ்வியந்திரங்கள் ஒவ்வொன்றிலும் மிர்லீஸ் என்னும் நிறுவனத்தாரின் 1,000 குதிரைவலுவுள்ள டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. இலங்கைக்குச் செய்த இயந்திரமே இங்கிலாந்துக்குச் செய்த இயந்திரத்துக்கு முன்னோடியாயிற்று. பிரித்தானிய இயந்திரத்திலும் மிர்லீஸ் எஞ்சினே இடம்பெற்றது. அதன் ஆற்றல் மட்டும் 1,250 குதிரைவலுவாக உயர்ந்தது.

இவ்வகை இயந்திரத்தில் டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. அது ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது. அதிலிருந்து பிறக்கும் மின்சாரம் அச்சுகளிற் பொருத்திய மோட்டர்களுக்குச் சென்று சக்கரங்களைச் சுழலச் செய்கிறது. அடியிலுள்ள இரண்டு சக்கரத் தொகுதிகளிலும் மும்மூன்று அச்சுகள் உண்டு. அவற்றுள் ஓரத்து அச்சுகள் இரண்டுக்கு மட்டுமே மோட்டர் உண்டு. நடு அச்சு பாரத்தைத் தாங்குவதற்கு மட்டும். நூறு தொன்னுக்கு மேற்பட்ட நிறை ஆறு அச்சுகளிற் பகிரப்படுவதால் தண்டவாளத்துக்கும் பாலங்களுக்கும் அழுத்தம் குறையும். எம் 1 வகுப்பின் அமைப்பும் இதுவே.

முதல் இயந்திரம் 1957 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் கையளிக்கப்பட்டது. அது கிழக்குப் பிராந்தியத்தில், லண்டன் லிவர்பூல் வீதி நிலையத்திலிருந்து செல்லும் பாதைகளில் வேலை தொடங்கிற்று. முதலில் வந்த இருபதிலும் ஓட்டுநர் கையாளும் பிடியொன்று, குச்சியிற் குத்தி இனிப்புப் பாகில் தோய்த்த அப்பிள் பழம்போல் இருந்தது. ஆதலால் அவற்றுக்கு அப்பண்டத்தின் பெயரே பட்டப்பெயராய் ஒட்டிக்கொண்டது.

இதற்கிடையில் புகையிரதப் பகுதியின் கணக்கில் நட்டம் விழத்தொடங்கிற்று. நீராவியை விரைந்து ஒழித்தால் நட்டமும் ஒழியும் என்று மேலிடத்தார் நம்பினர். மூன்று ஆண்டுச் சோதனை முடியும்வரை அவர்கள் பொறுக்கவில்லை. பரீட்சை எழுதி முடியுமுன்னரே பெறுபேற்றை வெளியிட்டதுபோல், பெருந்தொகையான கட்டளைகள் அடுத்தடுத்து வழங்கப்பட்டன. இருபது என்று தொடங்கிய பிரஷ் இயந்திரங்கள் 1962 ஆம் ஆண்டளவில் 263 ஆகப் பெருகின. எஞ்சினின் ஆற்றல் பெரும்பாலானவற்றில் 1,365 குதிரைவலுவாகவும், சிலவற்றில் 1,600 ஆகவும் ஏற்றப்பட்டது.

சில ஆண்டுகள் இயந்திரங்கள் நன்றாகவே ஓடின. பின்னர்தான் குறை தலைகாட்டிற்று. கம்பியொன்றை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு வளைவும் அதற்கு ஒன்றும் செய்யாததுபோலவே தோன்றும்; ஆனால் ஒரு வேளையில் அது திடீரென முறிந்துவிடும். உலோகச் சோர்வு என்பது இதுவே. ஓயாத அதிர்வினாலும் அழுத்தத்தினாலும் மிர்லீஸ் எஞ்சின்கள் இச்சோர்வுக்கு உள்ளாகி வெடிப்புக் கண்டன. இத்தகைய குறை ஓரிரு மாதங்களில் வெளிப்படுவதன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்த பின்னரே வெளிப்படும். அது வெளிப்பட்டபோது 263 இயந்திரங்களும் செய்து முடிந்திருந்தன.

இனிச் செய்வது யாது? வட பிரித்தானியக் கம்பனி செய்த இதே தரத்து இயந்திரங்கள் 58 இருந்தன. அவையும் ஓயாது பழுதாயின. அவற்றுள் 20 க்கு வேறு எஞ்சின் பூட்டிப் பார்த்தும் பயனில்லை. 1971 ஆம் ஆண்டு முடிவதற்குள் 58 உம் சேவையிலிருந்து விலக்கப்பட்டன. பிரஷ் இயந்திரங்களுக்கும் அவ்விதி நேர்ந்திருக்கக்கூடும். ஆனால் பொறியியலாளர் நோயையும் நோயாளியையும் பிரித்துப் பார்த்தனர். சட்டகம் உறுதியானது, சக்கரத் தொகுதி நல்லது, மின்பிறப்பாக்கியும் மோட்டர்களும் நம்பத்தக்கவை. கெட்டது எஞ்சின் ஒன்றே. ஆகவே, 1964 ஆம் ஆண்டில் ஓர் இயந்திரத்திலிருந்து மிர்லீஸ் எஞ்சினைக் கழற்றிவிட்டு, இங்கிலிஷ் எலெக்ரிக் கம்பனியின் 1,470 குதிரைவலுவுள்ள எஞ்சினைப் பொருத்தினர். இம்முறை ஒன்றிற் சோதித்து, அது நன்றாய் இருக்கக் கண்ட பின்னரே மற்றவற்றில் கைவைத்தனர். 1969 ஆம் ஆண்டுக்குள் மாற்றும் வேலை நிறைவெய்திற்று.

இருதயம் மாறியதும் ஆயுளும் மாறிற்று. 1970 களில் 31 ஆம் வகுப்பு என்னும் பெயரைப் பெற்ற இவ்வியந்திரங்கள் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி என்ற வேறுபாடின்றி யாவற்றையும் இழுத்தன. சிலவற்றுக்குப் பயணிகள் பெட்டிகளை மின்சாரத்தால் வெப்பமூட்டும் வசதியும் சேர்க்கப்பட்டது. வேகத்திலோ வலிமையிலோ இவை முதலிடம் பெற்றவை அல்ல. ஆயினும், தண்டவாளப் பாதையைப் பரிசோதிக்கும் வண்டிகளை இழுக்கும் பணியில் இவற்றுட் சில 2010 களிலும் ஈடுபட்டிருந்தன. பத்தாண்டும் நிரம்புமுன் பழுதடைந்த இயந்திரம் ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைத்தது! 1957 இல் வந்த முதல் இயந்திரம் இன்று யோர்க் நகரைச் சார்ந்த தேசிய புகையிரத நூதனசாலையின் உடைமையாய்ப் பேணப்படுகிறது. இலங்கையின் எம் 1 இயந்திரங்களோ சேவையிலிருந்து நீங்கி நெடுங்காலமாயிற்று.

பதறாத காரியம் சிதறாது என்பது தமிழர் பழமொழி. மூன்று ஆண்டு பொறுக்க மாட்டாத அவசரத்துக்கு, நூற்றுக்கணக்கான எஞ்சின்களைக் கழற்றி மாற்றும் செலவே விலையாயிற்று. இஃது இவ்வரலாற்றின் ஒரு பாதி. மறு பாதியும் மறக்கத்தக்கதன்று. ஓருறுப்பு பழுதுபட்டது என்பதற்காக முழுவதையும் குப்பையில் எறிந்துவிடாமல், குறை எங்குள்ளது என்று ஆராய்ந்து அதனை மட்டும் நீக்கும் பொறுமை பின்னர் அவர்களுக்கு வாய்த்தது. தொடக்கத்தில் இல்லாத அந்தப் பொறுமையே இறுதியில் அவ்வியந்திரங்களைக் காத்தது.