எங்கள் பாறைப் பல்லிக்கு வான்கோ பெயர்

கடமலைக்குண்டில் இலவமரத் தோப்புக்குள் வளர்ந்தவன் நான். ஆடி அமாவாசை வந்தால் அப்பத்தா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தூக்கிக்கொண்டு உப்புத்துறை வழியாகச் சதுரகிரி மலைக்கோயிலுக்கு நடப்போம். மலைக்கு அந்தப் பக்கம் தாணிப்பாறையில் ஏறுகிற கூட்டம் எங்கள் தடத்தில் இருக்காது. உட்காரலாம் என்று கை வைத்தால் பாறையில் ஏதோ விருட்டென்று ஓடும். "பல்லிடா, ஒண்ணும் செய்யாது" என்பார் அப்பத்தா. பேச்சு அத்தோடு முடிந்துவிடும். நாற்பது வருடம் அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன்.

2024 மார்ச்சில் ஜூகீஸ் என்ற ஆய்விதழில் அக்ஷய் காண்டேகர், தேஜஸ் தாக்கரே, இஷான் அகர்வால் மூவரும் இரண்டு புதிய பல்லி இனங்களை அறிவித்தார்கள். இரண்டுமே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் கிடைத்தவை. ஒன்றுக்குச் சதுரகிரியின் பெயரையே வைத்துவிட்டார்கள்: நெமாஸ்பிஸ் சதுரகிரியென்சிஸ். இன்னொன்று நெமாஸ்பிஸ் வான்கோகி. ஆணுக்குத் தலையும் முன்னுடம்பும் மஞ்சள், முதுகில் வெளிர்நீலப் புள்ளிகள். 1889இல் வான்கோ வரைந்த 'விண்மீன் இரவு' ஓவியத்தை அது நினைவூட்டியதாம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்தால் 3.4 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. உங்கள் கட்டைவிரலில் நுனிக் கணு அவ்வளவுதான் இருக்கும்.

வீட்டுப் பல்லியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டியூப் லைட் அடியில் பூச்சி பிடிக்கிற பல்லியின் கண்மணியை வெளிச்சத்தில் பாருங்கள், செங்குத்தான கீற்றாகச் சுருங்கியிருக்கும். அது இரவுக்கு ஆன கண். இந்தப் பாறைப் பல்லி பகலில் திரிவது, கண்மணி வட்டமாக இருக்கும். வீட்டுப் பல்லிக்குச் சுவரில் ஒட்ட விரலடியில் அகன்ற பட்டைகள் உண்டு. இதற்கு ஒல்லியான விரலும் நகமும்தான். அந்த நகத்தை வைத்துக்கொண்டே பாறையின் சொரசொரப்பைப் பற்றி ஓடுகிறது. அதிகாலையிலும் சாயங்காலத்திலும் வெயில் தணிந்த நேரத்தில் வெளியே வரும்.

எனக்கு மனதில் நிற்பது அவை வாழும் உயரம். கடல்மட்டத்திலிருந்து 250 முதல் 400 மீட்டர்தான். எங்கள் ஊர்த் தரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அபூர்வ உயிர் என்றால் மேகமலை உச்சியில் பனிக்குள் இருக்கும் என்றுதான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். இது இருப்பதோ கோடையில் இலையுதிர்த்துக் காய்ந்து நிற்கிற அடிவாரக் காட்டில்! ஆடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் தவிர வேறெதற்கும் ஆகாது என்று நாம் ஒதுக்கிய காடு அது.

இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்து நெமாஸ்பிஸ் பேரினத்தில் நூறு இனங்களுக்கு மேல் உண்டு. இத்தனை பிரிந்ததற்குக் காரணம் அவற்றின் உடம்புதான். விரல் நீளப் பிராணியால் வெயில் கொளுத்தும் சமவெளியைத் தாண்டி அடுத்த குன்றுக்குப் போக முடியாது. ஒதுங்கிய இடத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகித் தனி இனமாகிவிடும். இந்த இரண்டும் மிகச் சிறிய பரப்பில் மட்டுமே கண்டறியப்பட்டவை. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. அதற்கே உரிய முதுகெலும்பு உயிர்கள் இவற்றை அறிவிக்கும்வரை ஐந்து. இந்தப் பல்லிகளோடு ஏழு. புலி காடு விட்டுக் காடு போகும். இதற்குப் போக்கிடம் கிடையாது. ஒரு பாறைச் சரிவு தீயில் வெந்தால் அங்கிருந்த குடும்பமே போய்விடும்.

போன ஆடியில் மறுபடி நடந்தேன். விடிந்தும் விடியாத நேரம். ஒரு பாறை இடுக்கில் மூன்று கல் கூட்டி அடுப்பு பற்றவைக்கப் போனார் ஓர் அம்மா. குனிந்து டார்ச் அடித்தேன். மேல்பாறையின் அடிப்பக்கம், கொத்துமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை முட்டை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, பல்லி முட்டை வச்சிருக்கு. சூடு பட்டா செத்துரும். இங்க அடுப்பே வேணாமே."

அவரும் குனிந்து பார்த்தார். "அடியாத்தீ, இத்தினிக்காண்டா!" என்றவர், தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு, கட்டிவந்த பழைய சோற்றை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்தார்.