ஜகந்நாதரைப் பட்டினி போட்ட லட்சுமி

திருமகள் என்றதும் நம் கண்முன் வருவது காலண்டர் படம்: செந்தாமரை, இருபுறமும் யானை, உள்ளங்கையிலிருந்து கொட்டும் பொற்காசு. பாற்கடலில் பெருமாளின் காலைப் பிடித்துவிடும் படமும் உண்டு. இரண்டிலும் அவள் வாய் திறப்பதில்லை. ஒடிசாவில் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் வீடுதோறும் படிக்கப்படும் 'லட்சுமி புராண'த்தில் வருபவளோ வேறு ஆள். கணவன், கணவனின் அண்ணன் எவருக்கும் அஞ்சாமல் பதில் சொல்கிறாள், வீட்டைவிட்டு வெளியேறுகிறாள், நிபந்தனை போட்டுத்தான் திரும்புகிறாள். செல்வம் எது என்பதையும் இந்த நூல் கருவூலத்தை வைத்து அளக்கவில்லை, அடுப்படியை வைத்து அளக்கிறது.

இதை இயற்றியவர் பலராம தாசர். ஒடிய மொழியில் ராமாயணம் பாடியவர். பஞ்சசகர் எனப்படும் ஐந்து பக்திக் கவிஞர்களில் மூத்தவர். கதை நடப்பது ஜகந்நாதர் கோயில் கொண்ட பூரியில். வியாழக்கிழமை ஊரைச் சுற்றிவரப் புறப்பட்ட லட்சுமி, பணக்கார வணிகர் வீட்டில் பொழுது விடிந்தும் வாசல் தெளிக்காமல் தூங்குவதைக் காண்கிறாள். ஊர்க்கோடியில் ஸ்ரீயா என்ற சண்டாளப் பெண்ணோ சாணம் மெழுகி, மாக்கோலமிட்டு, அவளை நினைத்துப் பூசை செய்துகொண்டிருக்கிறாள். லட்சுமி அந்த வீட்டுக்குள் போய்விடுகிறாள். வேட்டையிலிருந்து திரும்பும் வழியில் இதைப் பார்த்துவிட்ட பலபத்ரர், தீட்டுப்பட்டவளைக் கோயிலுக்குள் விடாதே என்று தம்பியும் லட்சுமியின் கணவருமான ஜகந்நாதருக்குக் கட்டளையிடுகிறார். தம்பி கொஞ்சம் கெஞ்சிப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கமே சாய்கிறார். லட்சுமி நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் சோறின்றி அலைவீர்கள், கடைசியில் சண்டாளி கையால்தான் உண்பீர்கள் என்று சபித்துவிட்டுப் போகிறாள். அப்பன் வீட்டுக்குப் போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடலோரத்தில் தனக்கென மாளிகை எழுப்பிக்கொள்கிறாள்.

பிறகு உலகாளும் அண்ணனும் தம்பியும் பிச்சையெடுக்கிறார்கள். ஊர் விரட்டுகிறது; கிடைத்த பொரியையும் காற்று அடித்துப் போகிறது. இறுதியில் கடலோர மாளிகையின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அது சண்டாளர் வீடு என்றதும் அரிசி பருப்பைக் கொடுங்கள், நாங்களே சமைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அடுப்பு பற்றவில்லை. பசி சாதியைத் தின்றுவிட, அவள் சமைத்ததை உண்கிறார்கள்.  லட்சுமி கழற்றிக் கொடுத்த நகையால் அவர்களுக்கு ஒருவேளைச் சோற்றுக்கும் வழி பிறக்கவில்லை. பலராம தாசரின் வாதம் முழுவதும் இந்த ஒரு முரணில் இருக்கிறது. இந்நூலைப் படித்து நோற்கும் வியாழக்கிழமை விரதத்தின் பொருள்களும் இதையே சொல்கின்றன. 'மாண' என்ற படியில் புது நெல்லை நிரப்பி அதையே லட்சுமியாக வைக்கிறார்கள். மாக்கோலத்தில் அவள் பாதங்களை வாசலிலிருந்து வீட்டுக்குள் வரைகிறார்கள். உழுதவர், மெழுகியவர், சமைத்தவர் உழைப்பாகத்தான் செல்வம் வீட்டுக்குள் வருகிறது.

இந்த நூலைப் புரட்சி என்று கொண்டாடுவதற்கு மறுப்பும் உண்டு. விடியலில் எழு, பெருக்கு, மெழுகு என்ற விதிகளெல்லாம் பெண்களுக்குத்தானே? உண்மை, பலராம தாசர் தம் காலத்தைத் தாண்டிக் குதிக்கவில்லை. ஸ்ரீயாவும் மேல்சாதியார் அனைவரையும்விடத் தூய்மையாக இருந்து காட்டிய பின்தான் தேவியின் பார்வையைப் பெறுகிறாள், இதுவும் உறுத்துகிறது. ஆனால் கதையில் தண்டனை பெறுவது யார் என்று பார்க்க வேண்டும். தூங்கிய வணிகர் மனைவிக்காகக் கதை நிற்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பட்டினி, தள்ளிவைத்த இரு ஆண்களுக்குத்தான். பூரித் திருவிழாக்களும் இந்த லட்சுமியை மறக்கவில்லை. தேர்த் திருவிழாவில் தன்னை விட்டுவிட்டுப் போன கணவரைத் தேடிப் போய் அவர் தேரின் ஒரு துண்டை உடைக்கிறாள்; திரும்பிவரும் நாளில் கதவைச் சாத்துகிறாள். ரசகுல்லா கொடுத்துத்தான் அவர் உள்ளே போக முடிகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. லட்சுமி திரும்பிவரப் போட்ட நிபந்தனை, கோயில் சோறான மகாபிரசாதத்தை அந்தணரும் சண்டாளரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்பது. இதை ஆண்டுதோறும் படித்த ஊரின் கோயில், 1938இல்கூடத் தலித்துகளுக்குத் திறக்கவில்லை. அந்த ஆண்டு கஸ்தூரிபா கோயிலுக்குள் போய்வந்ததை அறிந்து காந்தி மனம் நொந்துபோனார். அப்படியானால் கதை வெறும் ஆறுதலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிபந்தனை சோற்றைப் பற்றியது. மகாபிரசாதத்தைச் சாதி பாராமல் ஒன்றாக உண்ணும் வழக்கம் நிலைத்தது. கோயில் வாசலைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அதைக் கேட்கப் புராணம் போதவில்லை, போராட்டம் தேவைப்பட்டது.