பாகூரை ஒரே தளத்துல கொண்டுவர என்ன வேணும்?

புதுச்சேரின்னு போன்ல தேடினா பீச் ரோடும் ஒயிட் டவுனும் ஆரோவில்லும்தான் முன்னாடி வந்து நிக்கும். ஆனா கடலூர் ரோட்டுல தெற்கே 20 கிலோமீட்டர் வாக்குல பாகூர் இருக்கு. 9-ம் நூற்றாண்டுல, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துல, இந்த ஊர்ல இருந்த கல்விச்சாலைக்கு மூணு கிராமத்தை எழுதிவெச்ச செப்பேடு உண்டு. சோழர் காலத்து மூலநாதர் கோயில் உண்டு. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியா புதுச்சேரியோட பெரிய ஏரியும் இங்கதான்.

ஒரு குடும்பம் மே மாசம் சென்னையிலருந்து வருதுன்னு வெச்சுக்கோங்க. காலையில நோணாங்குப்பம் போய் சுண்ணாம்பாறு படகுல ஏறுறாங்க. இறங்குறப்போ மணி பதினொன்றரை. "பாகூர் பக்கம்தானே"ன்னு கடலூர் பஸ் ஏறி, கன்னியக்கோயில்ல இறங்கி, ஆட்டோ தேடிப் பிடிச்சு மேற்கே வந்து சேர்றதுக்குள்ள கோயில் நடை சாத்தியாச்சு. இனி சாயங்காலம்தான். சரி, ஏரியையாவது பார்ப்போம்னு போனா தண்ணி வத்திக் கிடக்கு, பறவையையும் காணோம். பிள்ளைங்களுக்குப் பசி, எங்க சாப்பாடு கிடைக்கும்னும் தெரியல.

இதுல யார் மேலயும் குத்தம் இல்ல. படகுல டிக்கெட் கொடுக்கிறவருக்குக் கோயில் நேரம் தெரியணும்னு இல்ல. ஆட்டோக்காரருக்கு இப்படி அஞ்சு பேர் வர்றாங்கன்னு யாரும் சொல்லல. சேவைகளை ஒரே தளத்துல சேர்க்கிறதுன்னா படகு, கோயில், ஆட்டோ, சாப்பாட்டுக் கடை இந்த நாலையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிறது. படகுக்குப் பதிவு பண்ணும்போதே "மதியம் கோயில் மூடியிருக்கும், முதல்ல பாகூர் போயிட்டு வாங்க"ன்னு அந்தத் தளம் சொல்லணும். கன்னியக்கோயில்ல ஆட்டோவும் நிக்கணும்.

மத்திய அரசு இன்கிரெடிபிள் இந்தியா தளத்தைப் புதுப்பிச்சு, 2024 செப்டம்பர் 27, உலகச் சுற்றுலா தினத்துல படம், காணொளி எல்லாம் அடங்கின களஞ்சியத்தை வெளியிட்டுச்சு. நல்ல வேலை. ஆனா அழகான படம் ஒரு ஊரைப் பார்க்கணும்னு ஆசையைத்தான் கிளப்பும், அங்க கொண்டுபோய்ச் சேர்க்காது.

அடுத்தது கமிஷன். தனியார் பதிவுத் தளங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பங்கு எடுக்கும். பெரிய ஓட்டல் தாங்கும். வீட்டுல ரெண்டு அறையை வாடகைக்கு விடுற குடும்பம் தாங்குமா? பெங்களூர்ல 2022-ல வந்த நம்ம யாத்ரி ஆட்டோ செயலி இதுக்கு ஒரு வழி காட்டிச்சு. சவாரிக்குக் கமிஷன் கிடையாது. அடுத்த வருஷம் கட்டணம் கொண்டுவந்தப்பவும், ஒரு நாளைக்கு 25 ரூபா கட்டினா எத்தனை சவாரி வேணும்னாலும் எடுக்கலாம்னு வெச்சாங்க. அதுக்குப் பின்னாடி ஓஎன்டிசி மாதிரியான திறந்த கட்டமைப்பு இருக்கு. ஜிபேயிலருந்து போன்பேக்குப் பணம் போற மாதிரி, வாங்குறவர் ஒரு செயலியிலயும் விக்கிறவர் வேற செயலியிலயும் இருந்தாலும் வியாபாரம் நடக்கும். பாகூருக்கு இதுதான் பொருந்தும்னு நான் உறுதியா நம்புறேன்.

எல்லாத்தையும் விடக் கஷ்டமான வேலை ஒண்ணு இருக்கு. தகவலை யார் புதுப்பிக்கிறது? ஏரியையே எடுத்துக்கோங்க. சொர்ணாவூர் அணைக்கட்டுலருந்து பங்காரு வாய்க்கால் வழியா தென்பெண்ணைத் தண்ணி வருது. ஐப்பசி, கார்த்திகை மழை நல்லா இருந்தா ஏரி நிறையும், பறவை வரும். "பாகூர் ஏரி, அஞ்சு நட்சத்திரம்"னு வருஷம் முழுக்க ஒரே வரி போட்டா அது பொய். இந்த வாரம் தண்ணி எவ்வளவு இருக்குன்னு கரையில நடக்கிற விவசாயிக்குத்தான் தெரியும். அதைக் கேட்டு எழுத உள்ளூர்ப் பிள்ளைங்க ரெண்டு பேரை கொம்யூன் பஞ்சாயத்து சம்பளம் கொடுத்து வேலைக்கு வைக்கணும். கோயில் திருவிழா நாள், மெஸ் திறந்திருக்கா, கடைசி பஸ் எப்போ, எல்லாம் அவங்க பொறுப்பு. ஸ்மார்ட்போன் இல்லாத ஆட்டோக்காரரையும் போன்ல கூப்பிட்டுச் சேர்த்துக்கணும். செயலி எழுதுற செலவுல இதுக்கு முதல்ல பணம் ஒதுக்குங்க.

அப்படி ஒண்ணு வர்ற வரைக்கும் டிசம்பர், ஜனவரியில வாங்க. காலையில முதல் வேலையா மூலநாதர் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்க, அப்புறம் ஏரிக்கரை, மதியத்துக்கு மேல சுண்ணாம்பாறு. கன்னியக்கோயில்ல ஆட்டோ ஏறும்போதே திரும்பி வர்றதுக்கும் சேர்த்துப் பேசி வெச்சுக்கோங்க.