உளவியலில் பிஎச்டி முடிச்சாச்சு, போஸ்ட்டாக்குக்கு எந்தக் கதவு?

மதுரைப் பக்கம் உளவியலில் பிஎச்டி முடிக்கிறவர்கள் வைவா முடிந்த கையோடு கேட்கிற கேள்வி: "இப்போ எந்த ஃபெல்லோஷிப்புக்கு அப்ளிகேஷன் ஓடுது?" நம் துறையில் இது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, "என் ஆய்வு சமூக அறிவியலா, அறிவியலா, மருத்துவமா?" என்பது. இதற்குப் பதில் தெரியாமல் விண்ணப்பம் போட்டால், நல்ல ஆய்வுத் திட்டம்கூட தவறான மேஜைக்குப் போய் "எங்கள் வரம்பில் வராது" என்று திரும்பி வரும்.

நிதி தருகிறவர்கள் உளவியலை மூன்று பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று கதவுகளையும் முதலில் பார்ப்போம்.

முதல் கதவு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். 1969ல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இது. பொருளாதாரம், சமூகவியல், கல்வியியல் ஆகியவற்றோடு உளவியலும் இதன் பட்டியலில் உண்டு. மனிதர்கள் எப்படி நம்புகிறார்கள், முடிவெடுக்கிறார்கள், குடும்பத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு உரிய இடம்.

இரண்டாவது, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, அதாவது டி.எஸ்.டி. 2008ல் இவர்கள் தொடங்கிய அறிதிறன் அறிவியல் ஆராய்ச்சித் திட்டத்துக்குள் போஸ்ட்டாக் பிரிவும் இருக்கிறது. கவனம், நினைவு, மொழி, கற்றல் குறைபாடு போன்றவை இங்கே வரும். முன்பு எஸ்.இ.ஆர்.பி. நடத்திய தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப், 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் வந்துவிட்டது. பெண்களுக்கென்று வைஸ்-கிரண் திட்டம் தனியாக உண்டு.

மூன்றாவது, மருத்துவம். ஐ.சி.எம்.ஆர். ஒரு பக்கம். 2008ல் உருவான டி.பி.டி.-வெல்கம் இந்தியா அலையன்ஸ் இன்னொரு பக்கம். சிகிச்சை பலன் தருகிறதா, நோய் எவ்வளவு பேருக்கு, சேவை ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்விகள் இங்கே.

சொல்லும்போது சுலபமாக இருக்கும். நம் ஊர் விஷயம் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விடுதிகள் மூடப்பட்டன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் தர்காவுக்கு நோயாளிகளை அழைத்து வருவது நிற்கவில்லை. பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் கொடுப்போம் என்று 'தவா-துவா' என்ற பெயரில் அரசே அங்கே சிகிச்சை தர ஆரம்பித்தது.

இந்த ஒரே இடத்தை வைத்து மூன்று விண்ணப்பம் எழுதலாம். "தர்காவா, ஆஸ்பத்திரியா என்பதை வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள், எப்படி?" என்று கேட்டால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். "குரல் கேட்கும் அனுபவம் உள்ளவரின் கவனம் எப்படி வேலை செய்கிறது?" என்றால் டி.எஸ்.டி. "தர்கா வளாகத்திலேயே மருந்து கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறதா?" என்றால் மருத்துவக் கதவு. இடம் ஒன்று, மக்கள் ஒன்று. ஆனால் முறை வேறு, படித்துப் பார்க்கிற நிபுணர் வேறு. மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் திணிப்பதுதான் பலரும் செய்வது. படிக்கிறவருக்கு அதில் தன் துறை தெரியாது.

அடுத்தது கடிகாரம். இதில் இரண்டு வகை. சில ஃபெல்லோஷிப்புகள் பிறந்த தேதியைப் பார்க்கும். சில, பிஎச்டி முடித்த தேதியைப் பார்க்கும். எஸ்.இ.ஆர்.பி. காலத்தில் தேசிய போஸ்ட்டாக்குக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. ஐ.சி.எஸ்.எஸ்.ஆரில் வழக்கமான வரம்பு 45. அமெரிக்கா போவதற்கான ஃபுல்பிரைட்-நேரு போஸ்ட்டாக், பிஎச்டி முடித்து 4 ஆண்டுக்குள் இருக்கிறீர்களா என்று பார்க்கும்.

சுயநிதிக் கல்லூரியில் பத்து வருஷம் பாடம் எடுத்துக்கொண்டே, பார்ட் டைமில் 41 வயதில் பிஎச்டி வாங்கியவர் நம்மிடையே நிறைய. அவருக்கு முதல் வகைக் கடிகாரத்தில் நேரம் முடிந்திருக்கலாம். இரண்டாவது வகையில் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. 28 வயதில் முடித்தவருக்கு நேர் எதிர்: வெளிநாட்டு வாய்ப்பை முதலில் பார்க்க வேண்டும், ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். அப்புறமும் இருக்கும். எனவே "வயசாயிடுச்சு, இனிமே நமக்கு எதுக்கு" என்று முடிவுகட்டும் முன், எந்தக் கடிகாரம் என்று பாருங்கள். அழைப்புக்கு அழைப்பு விதி மாறும் என்பதால், அந்த வருஷத்து அறிவிப்பை ஒரு வரி விடாமல் படிக்கணும்.

மூன்றாவது, எங்கே உட்கார்ந்து செய்யப் போகிறீர்கள்? பெரும்பாலான திட்டங்களில் பணம் நேராக உங்கள் கைக்கு வராது. ஒரு நிறுவனம் வழியாகத்தான் வரும், அதுவும் தவணை தவணையாக. மதுரையில் இருக்கிறவர்களுக்கு காமராசர் பல்கலைக்கழகம் உடனே நினைவுக்கு வரும். திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1992ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மதுரையிலேயே மனநல மறுவாழ்வில் வேலை செய்கிறது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: கணக்கு வைக்கிற நிறுவனம் ஒன்றாகவும், களம் இன்னொன்றாகவும் இருக்கலாம். இரண்டிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு அலைந்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருக்க மாட்டார்.

கடைசியாக, நெறிமுறைக் குழு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரிடம் வெறும் பேட்டி எடுப்பதற்கும் அவருடைய சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரை ஆய்வில் சேர்க்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். கூட வந்த அண்ணன் தலையாட்டினால் போதாது. ஏர்வாடி போன்ற இடத்தில் இது வெறும் ஃபார்ம் வேலை இல்லை. கேட்காமலே கட்டிப்போடப்பட்ட மனிதர்களின் இடம் அது. இரண்டு வருட ஃபெல்லோஷிப்பில் அனுமதிக்கே பல மாதம் போகலாம். கால அட்டவணையில் அதை எழுதிவிடுங்கள். எழுதியிருந்தால், களம் தெரிந்தவர் என்று படிப்பவருக்குப் புரியும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பலம் உண்டு, அதை விண்ணப்பத்தில் ஒளிக்க வேண்டாம். "மனசு சரியில்ல", "காத்து கருப்பு பட்டிருச்சு", "செய்வினை வச்சுட்டாங்க" என்று ஒருவர் சொல்லும்போது, எது வருத்தம், எது பயம், எது வெறும் பேச்சு வழக்கு என்று பிரித்துக் கேட்கிற காது உங்களுக்கு இருக்கிறது. மொழிபெயர்த்த வினாப்பட்டியலால் அதைச் செய்ய முடியாது. அதை ஆய்வு முறை என்ற தலைப்பின் கீழேயே எழுதலாம்.

ஆக, இந்த வாரம் செய்யக்கூடியது: உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மூன்று கதவில் எது என்று குறியுங்கள். பிறந்த தேதியையும் பிஎச்டி தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் ஒரு பேராசிரியருக்கு மெயில். அறிவிப்பு வரும்வரை இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை.