வெள்ளிமலையைத் திருப்பிப் போட்டால்

'வெள்ளிமலை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கல்வராயன் மலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரல் விட்டு எண்ணி ஐந்து என்று சொல்லிவிடும். பைத்தான் நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் ஒன்பது என்கிறது. யூனிகோடில் 'வெ' என்பது வகரம் ஒன்று, கொம்பு ஒன்று. 'ள்' என்பது ளகரம் ஒன்று, புள்ளி ஒன்று. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் கூத்துதான். 'ளி'யின் கொக்கி மகரத்தில் ஒட்டி 'மி' ஆகும். 'லை'யின் ஐகாரக் குறி ஒட்ட எழுத்தில்லாமல் முன்னால் தொங்கும்.

'ஓப்பன் தமிழ்' நூலகத்தில் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரத் தனிச் செயற்கூறே இருக்கிறது. ஆனால் சொல்லைத் திருப்பிப் போட இணையத்தில் கொட்டிக் கிடப்பது ஆங்கிலத்துக்கு எழுதிய ஒருவரி நிரல். அதைப் படித்து வளர்ந்த ஏஐ முதலில் அதையே நீட்டினால் வியப்பில்லை. தமிழுக்கு என்று விளக்கிச் சொன்னால் திருத்தித் தரும். விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் ஏஐ எழுதிய நிரலை ஏற்கலாமா என்று உலகெங்கும் நடக்கும் சண்டையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எழுதுவது மலிந்துவிட்டது. வாசித்துச் சரிபார்ப்பது மலியவில்லை.

சரிபார்க்க ஆளில்லாமல் நிரல் வந்து குவியும் இந்த வெள்ளம் ஏஐ வருமுன்பே நமக்குப் பழக்கம்தான். 2020 அக்டோபரில், கட்டற்ற திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவோருக்குப் பரிசு தரும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வின் டி-சர்ட்டுக்காக, ஒரு யூடியூப் பாடத்தைப் பார்த்துவிட்டு எவரெவரோ ஒன்றுமில்லாத திருத்தங்களை அனுப்பிக் குவித்தார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது அனுப்பியது குப்பை என்று பார்த்தவுடன் தெரிந்தது. இப்போது வருவது நன்றாக உடுத்திக்கொண்டு வருகிறது.

இணையத்தில் தரவு பரிமாற உதவும் 'கர்ல்' மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ புனைந்த பொய்யான பாதுகாப்புப் புகார்களால் நொந்து, வழு கண்டுபிடிப்போருக்குத் தந்த பரிசுப் பணத்தை 2026 ஜனவரியோடு நிறுத்தினார். அதே மனிதர் 2025இல், ஏஐ கருவிகளைத் திறமையாகக் கையாண்டு ஒருவர் அனுப்பிய உண்மையான வழுக்களை வரவேற்றுத் திருத்தினார். இதில் முரண் எதுவும் இல்லை; சிக்கல் கருவியில் அல்ல, சரிபார்க்காமல் அனுப்புவதில்.

ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் ஏஐ நிரலுக்குத் தடை போட்டது. அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி இயங்குதளமும் கதவைச் சாத்தியது. ஃபெடோரா லினக்ஸ் 2025 அக்டோபரில், பயன்படுத்தலாம், வெளிப்படையாகச் சொல்லுங்கள், பொறுப்பு உங்களுடையது என்றது. தடைபோட்டவர்கள் சொல்லும் காரணங்களில் கனமானது பதிப்புரிமை. கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமம் நிற்பதே பதிப்புரிமைச் சட்டத்தின் மேல். மனிதர் படைக்காததற்கு அந்த உரிமை இல்லை என்பது அமெரிக்க நிலை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. 1994இல் சேர்த்த திருத்தம் அது. இன்றைய ஏஐ வராத காலத்தில் எழுதியது நாளை நீதிமன்றத்தில் எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம்.

லினக்ஸ் கருநிரலில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. லினக்ஸில் தன் நிரல் இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 2004 முதல், ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அனுப்புபவர் தன் பெயரை இட்டு, இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்ல வேண்டும். ஏஐ அந்த உறுதியைச் சொல்ல முடியாது. அதனால் என் கட்சி இது: கருவி எதுவானாலும் சரி, ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் சொந்த வாயால் பதில் சொல்பவரின் நிரலை வாங்கலாம். பதிலையும் ஏஐயிடமே கேட்டு ஒட்டுபவரைத் திருப்பி அனுப்பலாம், தயங்கவே வேண்டாம். தமிழ்த் திட்டங்களில் வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் நிரல் பார்ப்பவர்கள் சிலர்தான். அவர்களின் ஒரு மணி நேரத்தைத் தின்பது லேசான குற்றமல்ல.

முழுத் தடையை நான் கேட்காததற்கு மலைதான் காரணம். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் இலவசமாகக் கணினி சொல்லித் தருகிறது. கள்ளக்குறிச்சியைத் தாண்டி, வளைவுப் பாதையில் ஏறினால் வரும் கல்வராயன் மலை ஊரான வெள்ளிமலையிலிருந்து ஒரு மாணவி ஒவ்வொரு வாரமும் அங்கே போய்வர முடியாது. அரசு மடிக்கணினி கையில் இருக்கலாம். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அவளுக்கு ஏஐ ஒரு வாத்தியார். அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவள் கை பழக வேண்டிய சின்னச் சின்ன வழுக்களை யாரோ ஒருவர் ஏஐயிடம் கொடுத்து ஒரே மாலையில் முடித்துவிட்டால், அவள் நுழைய வாசல் ஏது? எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் இதை யோசித்திருக்கிறது. புதியவர்களுக்கென்று குறித்துவைத்த வேலைகளை ஏஐ கொண்டு முடிக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். தமிழ்த் திட்டங்கள் வேறெந்த விதியை எடுத்துக்கொள்வதற்கும் முன்னால் இதை எடுத்துக்கொள்ளலாம்.