இரண்டாம் ஆண்டில் வரும் இடர்

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி, கடைத்தெருச் சிங்களத்திற் சமர்த்தி. ஒருநாள், தாயாருக்கு அலுவலகமொன்றிலிருந்து வந்த சிங்களக் கடிதத்தை நீட்டி, "சேர், வாசிக்க முடிகிறது, பொருள்தான் விளங்கவில்லை" என்றாள்.

1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அவ்விடத்தில் அமர்த்தியது. அத்திருத்தம் இன்னும் அந்தத் தோட்டத்து லயத்தை எட்டவில்லை போலும்!

பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா' என்றால் நான் போகிறேன். 'அபி யனவா' என்றால் நாம் போகிறோம். வினை மாறுவதில்லை. எழுத்திலோ 'மம யமி', 'அபி யமு' என விகுதி திரியும். முதலாண்டின் துணிவு இரண்டாமாண்டிற் கலைவது இங்கேதான். ஸ்பானியம் பயில்வோரையும் வாட்டுவன வினைவிகுதிகளே. ஆனால், 'போறேன்' என்று பேசிச் 'செல்கின்றேன்' என எழுதும் தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதா? இதைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது.

சொற்களிலும் உறவுண்டு. பாண், மேசை, சப்பாத்து ஆகியன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. சிங்களத்திலும் சிறு மாற்றத்துடன் வழங்குகின்றன. ஸ்பானியர் பான், மேசா, சபாத்தோ என்பர்.

இருவருமாகக் கடிதத்தை வாசித்தோம். அடையாள அட்டைக்கு வேண்டிய பிறப்புச் சான்றிதழிற் பெயர்ப்பிழையாம். திருத்த வரச்சொன்ன நாள் கடந்து நான்கு தினங்களாகியிருந்தன.

மறுநாள் தாயார் கொழுந்துக் கூலியை இழந்து மகளோடு பஸ் ஏறினார். பேச வேண்டியவற்றை மகள் சிங்களத்தில் எழுதி வைத்திருந்தாள். விகுதிகளெல்லாம் சரியாகவே இருந்தன.